கோஹிமா மலையில் கிடைத்த தலைக்கவசம் யாருடையது?

புது தில்லி: பழைய ராணுவத் தலைக்கவசம் ஒன்றை விலைக்கு வாங்க வருபவர், விஷயம் தெரிந்தவராக இருந்தால், முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். வெளிப்புற வண்ணமும் அதன் மீது படிந்த துருவும் அவருக்கு இரண்டாம்பட்சம்தான். உள்விளிம்பில் பொறித்த இரண்டு மூன்று எழுத்துகள், ஓர் எண், சில வேளைகளில் ஓர் ஆண்டு ஆகியவற்றைத் தேடி விரலால் தடவுவார். தாடைப் பட்டை மாட்டும் கொக்கி எந்த வடிவில் இருக்கிறது, உச்சியில் இருப்பது திருகாணியா தறையாணியா என்று பார்ப்பார். அதன் பிறகே விலை பேசுவார்.

தலைக்கவசம் எந்த நாட்டில், எந்த ஆலையில், எந்த ஆண்டில் அடிக்கப்பட்டது என்பதை இப்படிப் பெரும்பாலும் கண்டுபிடித்து விடலாம். ஆனால், அது எந்த மண்ணில் கிடைத்தது, யாருடைய தலையிலிருந்து விழுந்தது என்ற கேள்விக்கு விளிம்பில் விடை இல்லை. அந்த விடை கண்டெடுத்த இடத்தில் மட்டுமே இருக்கும். மணிப்பூர், நாகாலாந்து மலைகளிலிருந்து இரண்டாம் உலகப் போர்ப் பொருள்கள் சேகரிப்பாளர்களின் கைக்குப் போகும்போது முதலில் தொலைவது இந்த இரண்டாவது விடைதான். அதைக் காப்பாற்ற இந்தியச் சட்டத்தில் இப்போதைக்கு வழியில்லை.

கவிழ்த்துப் படிக்கும் கலை

இந்தியாவில் அதிகம் காணக்கிடைப்பது, கவிழ்த்து வைத்த தட்டுப் போன்ற பிரிட்டிஷ் தலைக்கவசம். முதல் உலகப் போர் தொடங்கியபோது எந்தப் பெரிய ராணுவத்திடமும் எஃகுத் தலைக்கவசம் கிடையாது. துணித் தொப்பியுடன் பதுங்குகுழியில் நின்ற வீரர்களின் தலையை மேலிருந்து சிதறும் பீரங்கிச் சில்லுகள் பிளந்தன. லண்டனில் ஜான் லியோபோல்ட் பிராடி என்பவர் 1915ஆம் ஆண்டு இந்த வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் மென்மையான எஃகில் செய்யப்பட்டது. சில வாரங்களிலேயே ஷெஃபீல்டு நகரின் சர் ராபர்ட் ஹேட்ஃபீல்டு உருவாக்கிய மாங்கனீஸ் எஃகுக்கு மாற்றப்பட்டது. மிகப் பழைய பிராடியின் விளிம்பு மடிக்கப்படாத வெட்டு விளிம்பு. 1916ஆம் ஆண்டு வந்த முதல் ரகத்தில் விளிம்பைச் சுற்றி மெல்லிய எஃகுப் பட்டை ஏறியது. கண்ணுக்குத் தெரியும் இந்த ஒரே வேறுபாடு இன்று விலையைப் பல மடங்கு மாற்றி விடுகிறது.

அக்காலப் பொறிப்பு எளிமையானது. எஃகு எந்த நிறுவனத்துடையது என்பதைச் சொல்லும் எழுத்தும், அது எந்த உருக்கிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும் எண்ணும் இருக்கும். ‘எச்.எஸ்.’ என்றால் ஹேட்ஃபீல்டு எஃகு, ‘எஃப்.எஸ்.’ என்றால் ஃபர்த் எஃகு. 1917ஆம் ஆண்டு போரில் இறங்கிய அமெரிக்கா இதே வடிவத்தைத் தன் நாட்டில் அடித்தபோது ‘இசட்’ என்ற எழுத்தில் தொடங்கும் குறியைப் பொறித்தது. எழுத்தைக் கவனியாமல் வடிவத்தை மட்டும் பார்த்து அமெரிக்கத் தொப்பியை பிரிட்டிஷ் தொப்பி என்று வாங்கி ஏமாந்தவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு.

இரண்டாவது போர் நெருங்கிய 1938ஆம் ஆண்டு இரண்டாம் ரகம் வந்தது. வடிவம் ஏறக்குறைய அதேதான். உட்புற அமைப்பு மாறியது. தலையில் பொருந்தும் உட்பகுதி உச்சியில் ஒற்றைத் திருகாணியால் பிணைக்கப்பட்டது. தோல் பட்டைக்குப் பதிலாக நீண்டு சுருங்கும் துணிப்பட்டை வந்தது. பொறிப்பில் ஆலையின் சுருக்கப் பெயரும் ஆண்டும் தெளிவாக இடம்பெற்றன: ‘பி.எம்.பி.’ என்பது பிரிக்ஸ் மோட்டார் பாடீஸ், ‘ஜே.எஸ்.எஸ்.’ என்பது ஜோசப் சாங்கி, ‘ரோகோ’ என்பது ரூபரி ஓவன். வாகன உடற்பகுதிகளை அழுத்தி வார்த்த ஆலைகளே தலைக்கவசமும் செய்தன என்பது இந்தப் பெயர்களிலேயே தெரியும்.

பேரரசின் மற்ற பகுதிகளும் சும்மா இருக்கவில்லை. கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் தனித்தனியே உற்பத்தி நடந்தது. பின்விளிம்பில் வரிசையாக மூன்று துளைகள் இருந்தால் அது தென்னாப்பிரிக்கத் தயாரிப்பு என்பது சேகரிப்பாளர்களின் அரிச்சுவடி. இந்தியாவில் ஜாம்ஷெட்பூர் டாட்டா ஆலை போருக்கான கவச எஃகுத் தகடுகளை உருக்கியது. அந்தத் தகடுகளைப் போர்த்திய கவச வாகனங்களுக்கு ‘டாட்டாநகர்’ என்றே பெயர் விழுந்தது. தலைக்கவசங்களும் அங்கே தயாராயின. ஷெஃபீல்டு பொறிப்புக்கு அலையும் இந்தியச் சேகரிப்பாளர்கள் சிலர் டாட்டா பொறிப்பை மட்டமாக எண்ணுவது விசித்திரம். பர்மா எல்லையில் போரிட்ட இந்திய வீரனுக்கு அதுவே நெருங்கிய உறவு.

துளைகளை வைத்து அவசர முடிவுக்கு வரவும் கூடாது. ராணுவத் தரச் சோதனையில் தேறாத தலைக்கவசங்களை விளிம்பில் துளையிட்டு அடையாளப்படுத்தி, விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைப் படையினருக்குக் கொடுத்து விடுவது வழக்கம். அவற்றின் முன்புறத்தில் ‘டபிள்யூ’ என்று எழுதியிருந்தால் வார்டன். ‘ஆர்’ என்றால் மீட்புப் பணியாளர். 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவில் குண்டு வீசின. 1943 அக்டோபரில் சென்னைத் துறைமுகப் பகுதியிலும் குண்டு விழுந்தது. 1942 ஏப்ரலில் படையெடுப்பு அச்சத்தால் சென்னை நகரமே காலியானதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் உண்டு. அத்தகைய வார்டன் தொப்பிகள் இன்று ‘போர்முனைத் தொப்பி’ என்ற பெயரில் விலை போகின்றன. அவை போர்முனையைக் கண்டதே இல்லை.

நட்சத்திரமும் இணைப்புக் கோடும்

ஜப்பானியத் தலைக்கவசத்தை அடையாளம் காண்பது மேலோட்டமாகப் பார்த்தால் எளிது. 1930ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட, ஜப்பானியர் கணக்கில் தொண்ணூறாம் ரகம் எனப்படும் அரைக்கோள வடிவம், சிறிய விளிம்பு, முன்புறம் தரைப்படைக்கு ஐந்து முனை நட்சத்திரம், கடற்படைக்கு நங்கூரம், உள்ளே மூன்று தோல் மெத்தைகள், தாடையில் கட்ட நீண்ட நாடா. ஜப்பானியர் பலர் தம் பெயரை உள்விளிம்பில் மையால் எழுதி வைத்தனர். துருவுக்கும் மண்ணுக்கும் தப்பிய அப்படி ஓர் எழுத்து கிடைத்தால், அந்த இரும்புக்கு உரியவர் யார் என்று தேடத் தொடங்கலாம். விற்பனைக்காக அதைத் தேய்த்து, சுத்தம் செய்து, புது வண்ணம் பூசுபவர் என்ன செய்கிறார் என்பதை அவரே அறிவதில்லை.

அமெரிக்க எம்-1 தலைக்கவசம் 1941ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. அஸ்ஸாமின் லிடோவில் தொடங்கி பர்மாவுக்குள் சென்ற சாலையையும், இமயமலையைத் தாண்டி சீனாவுக்குச் சரக்கு சுமந்த விமானங்களையும் சார்ந்து பல்லாயிரம் அமெரிக்கர்கள் இந்தியாவின் வடகிழக்கில் இருந்ததால் எம்-1 அங்கே அபூர்வமல்ல. அதன் வயதைச் சொல்வது விளிம்புப் பட்டையின் இணைப்புக் கோடு. 1944ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை அது முன்பக்கம் இருந்தது. பிறகு பின்பக்கம் போனது. தாடைப் பட்டை வளையங்கள் 1943 வரை அசையாமல் பற்றவைக்கப்பட்டவை. பிறகு வந்தவை அசையும். கோஹிமா சண்டை 1944 ஜூனிலேயே முடிந்து விட்டது. ஆகவே, பின்பக்க இணைப்புக் கோடுள்ள எம்-1 ஒன்றைக் காட்டி ‘கோஹிமா சண்டையில் கிடைத்தது’ என்று எவராவது சொன்னால் கதவைச் சாத்தி விடலாம்.

பொய்க்கு வேறு வழிகளும் உண்டு. வெறும் ஜப்பானிய ஓட்டில் புதிதாக வார்த்த நட்சத்திரத்தைப் பொருத்துவது, அமிலம் தடவித் துரு ஏற்றுவது, படைப்பிரிவுச் சின்னத்தை வரைந்து மங்கச் செய்வது எல்லாம் உலகெங்கும் நடப்பவை. இந்தியாவில் இவற்றைவிடப் பெரிய குழப்பம் வேறு இடத்திலிருந்து வருகிறது. சுதந்திரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் இந்திய ராணுவம் அதே தட்டுத் தொப்பியையே அணிந்தது. 1962, 1965 போர்களின் புகைப்படங்களைப் பார்த்தாலே போதும். பின்னர் கண்ணாடி இழைத் தலைக்கவசம் வந்தபோது பழையவை கழிவுப் பொருளாக ஏலம் போயின. தில்லி, மும்பை பழைய பொருள் கடைகளில் ‘கோஹிமா தொப்பி’ என்று நீட்டப்படுபவற்றில் பல, ஏதோ ஒரு சமவெளிக் கிடங்கில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தவையாகவே இருக்க முடியும்.

ஒரே தொப்பி, எதிரெதிர் அணிகள்

பொறிப்பு உண்மையாகவே இருந்தாலும் அது எவ்வளவு சொல்லும் என்பதற்கு வடகிழக்கு மலைகளே சோதனைக் களம். 1944 மார்ச்சில் ஜெனரல் முதாகுச்சியின் கீழ் ஜப்பானிய 15ஆவது படை, மூன்று டிவிஷன்களில் சுமார் 85,000 பேருடன், சிந்துவின் நதியைத் தாண்டி இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கி வந்தது. கோஹிமா சண்டை ஏப்ரல் 4ஆம் தேதி தொடங்கி ஜூன் 22இல் முடிந்தது. பின்வாங்கிய ஜப்பானியர் பசியாலும் நோயாலும் மழைச் சேற்றிலும் வழியெங்கும் மடிந்தனர். இறந்தோர் சுமார் 30,000. தப்பியவர்கள் அந்தப் பாதைக்கு எலும்புச் சாலை என்று பெயரிட்டனர். கோஹிமா போர்க் கல்லறையில் 1,420 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே, தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள் தனி நினைவுச் சின்னத்தில் உள்ளன.

இந்தப் போர்க்களத்தில் பிரிட்டிஷ் தட்டுத் தொப்பி ஒன்று கிடைத்தால் அதை அணிந்தவர் யார்? முதலில் தோன்றும் விடை, பிரிட்டிஷ் அல்லது பிரிட்டிஷ் இந்திய ராணுவ வீரர். ஆனால், 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தபோது பல்லாயிரம் இந்திய வீரர்களுடன் அவர்களது ஆயுதங்களும் உடைகளும் தொப்பிகளும் ஜப்பானியர் கைக்கு வந்தன. அவற்றைக் கொண்டே இந்திய தேசிய ராணுவம் எழுந்தது. நேதாஜியின் அழைப்பை ஏற்று மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பெருமளவில் சேர்ந்தவர்கள் தமிழர்கள். 1944இல் அந்த ராணுவத்தின் படைகள் மணிப்பூருக்குள் நின்றன. ஏப்ரல் 14ஆம் தேதி மொய்ராங்கில் அதன் கொடி ஏறியது. எதிர்ப்பக்கத்தில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்கள் அதே பர்மா முனையில் பாலமும் சாலையும் அமைத்துக் கொண்டிருந்தனர். இரு பக்கத்திலும் தமிழ் பேசியவர்கள். இரு பக்கத்திலும் ஒரே வடிவத் தொப்பி.

பிரிட்டிஷ் தொப்பியை அணிந்த மூன்றாவது அணியும் உண்டு. பர்மாவிலிருந்து 1942இல் பின்வாங்கி இந்தியா வந்த சீன வீரர்களுக்கு, இன்றைய ஜார்க்கண்டிலுள்ள ராம்கரில் அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல் மறுபயிற்சி அளித்தார். அவர்களுக்கு இந்தியக் கிடங்குகளிலிருந்து வழங்கப்பட்டது பிரிட்டிஷ் உடையும் தட்டுத் தொப்பியும். லிடோ சாலை ஓரத்தில் கிடைக்கும் பிரிட்டிஷ் தொப்பி ஒன்று ஷெஃபீல்டில் உருகிய எஃகாகவும், யுன்னான் விவசாயியின் தலையில் இருந்ததாகவும் இருக்கலாம்.

தொப்பி கிடைக்காத இடத்தையும் மறந்து விடலாகாது. சீக்கிய வீரர்கள் தலைப்பாகையுடனேயே போரிட்டார்கள். அவர்கள் விழுந்த மேட்டில் இரும்பைத் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. இது பழங்கதையும் அல்ல. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீக்கிய வீரர்களுக்கென 12,730 தலைக்கவசங்களை வாங்கப் பாதுகாப்பு அமைச்சகம் நடவடிக்கை எடுத்தபோது அகால் தக்தும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியும் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. தலைக்கு மேல் இரும்பு வைப்பதா என்ற கேள்வி இந்த நாட்டில் இன்னும் அரசியல் கேள்விதான்.

ஆக, போர்க்களத் தொப்பியின் சொந்தக்காரரை நோக்கிப் போக ஒரே வழி, அது எந்தச் சரிவில், எந்தப் பதுங்குகுழியில், எவற்றுடன் சேர்ந்து கிடைத்தது என்ற விவரம். பக்கத்தில் ஜப்பானியத் தோட்டா உறை கிடந்ததா, பிரிட்டிஷ் உறையா? எலும்பு இருந்ததா? ராணுவப் போர்க் குறிப்பேடுகளில் இன்ன தேதியில் இன்ன மேட்டில் இன்ன கம்பெனி நின்றது என்று எழுதப்பட்டிருக்கிறது. இடம் தெரிந்தால் அந்தக் குறிப்புடன் ஒப்பிடலாம். இடம் தெரியாவிட்டால் இரும்பு வெறும் இரும்பு. அந்த மலைக் கிராமங்களில் பல குடும்பங்கள் தொப்பிகளைப் பாத்திரமாகவும், மாட்டுக்கும் கோழிக்கும் தீனி வைக்கும் கிண்ணமாகவும் பயன்படுத்தின. எந்த வயலில் எடுத்தது என்பதைச் சொல்லும் முதியவர்களும் அங்கே இருந்தார்கள். தங்கள் வீடுகள் எரிந்த போரின் சாட்சியம் அது. வாங்க வருபவர்கள் அதைக் கேட்டு எழுதிக் கொள்வதில்லை. பல கை மாறி, குவாஹாட்டியைத் தாண்டி, தில்லிக்கோ வெளிநாட்டுக்கோ போய்ச் சேரும்போது ‘இம்பால், 1944’ என்ற ஒட்டுச்சீட்டு மட்டும் மிஞ்சும். தோண்டுவதில் ஆபத்தும் இருக்கிறது. வெடிக்காத குண்டுகள் மணிப்பூர் மண்ணிலிருந்து இன்றளவும் வெளிவருகின்றன.

தமிழக வாசகர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததற்குக் காரணம், அந்தச் சிலை எந்தக் கோயிலில் இருந்தது என்பதைக் காட்டும் பழைய புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்ததுதான். சோழர் காலச் செப்புத் திருமேனி என்று எந்த நிபுணரும் சொல்லி விடுவார். எந்த ஊர்க் கோயிலுடையது என்பதை அந்தப் புகைப்படம்தான் சொன்னது. கோஹிமாவின் இரும்புக்கு அப்படியொரு புகைப்படத் தொகுப்பு கிடையாது.

நூறு ஆண்டுக் கணக்கு

சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், குறைந்தது நூறு ஆண்டுகள் பழைமையான பொருளையே தொல்பொருள் என்கிறது. கையெழுத்துச் சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் மட்டும் 75 ஆண்டுகள். தொல்பொருளை மத்திய அரசோ அதன் அங்கீகாரம் பெற்ற அமைப்போ தவிர வேறு எவரும் ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. ஒரு பொருள் தொல்பொருளா அல்லவா என்ற சர்ச்சை எழுந்தால் இறுதி முடிவு இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநர் அல்லது அவர் அதிகாரமளித்த அலுவலருடையது.

இதன் விளைவு வேடிக்கையானது. 1916ஆம் ஆண்டு ஷெஃபீல்டு எஃகில் அடித்து, ஏதோ ஓர் இந்தியப் பாசறைக் கிடங்கில் ஒரு சண்டையும் காணாமல் கிடந்த தொப்பி 2016இலேயே நூறு ஆண்டைத் தாண்டி விட்டது; ‘வரலாற்று முக்கியத்துவமுள்ள பொருள்’ என்று கருதப்பட்டால் அது சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும். கோஹிமாவில் துளைபட்டு விழுந்த தொப்பி வராது. விளிம்பில் உள்ள எண்ணைப் படிப்பது வெறும் பொழுதுபோக்காக இருந்த காலம் இதனால் போய்விட்டது. சுங்க அதிகாரியின் மேசையில் அந்த எண்ணே வழக்கா விடுதலையா என்பதைத் தீர்மானிக்கக் கூடியது.

சட்டம் எழுதியவர்கள் நினைத்திராத சிக்கலும் இருக்கிறது. முதல் போரின் ஓடுகளைத் தூக்கி எறியாமல், 1938ஆம் ஆண்டுக்குப் பிறகு புதிய உட்பகுதியும் புதிய தாடைப் பட்டையும் பொருத்தி பிரிட்டன் மீண்டும் பயன்படுத்தியது. முதல் ரகம் நட்சத்திரக்குறி என்று அதற்கு ராணுவப் பெயர். ஓடு 1917, உட்பகுதி 1939. இதன் வயது என்ன? ஆலையில் ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுத்த பொருளை ‘கைவினை’ என்பதா? தொல்லியல் துறையின் நிபுணர் குழுக்கள் சிலை, ஓவியம் பார்த்துப் பழகியவை. உருக்கு எண்களைப் படிக்கப் பழகியவர்கள் அங்கே எத்தனை பேர் என்று கேட்பது நியாயமே. பதிவு கட்டாயமாக்கப்பட்டதும் முதன்மையாகச் சிற்பங்கள், ஓவியங்கள், ஓவியமுள்ள சுவடிகள் ஆகியவற்றுக்குத்தான்.

நாடாளுமன்றம் இந்தப் பக்கம் வராமல் இல்லை. வந்தபோது பார்வை சிலைகளின் மீதே இருந்தது. 2023 ஜூலையில் போக்குவரத்து, சுற்றுலா, கலாசாரத் துறைகளுக்கான நிலைக்குழு பாரம்பரியத் திருட்டு குறித்து அறிக்கை அளித்தது. தொல்பொருள் கடத்தலும் மீட்பும் அதில் விரிவாகப் பேசப்பட்டன. அதற்கு முன்பு, 2017ஆம் ஆண்டு கலாசார அமைச்சகம் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக ஒரு வரைவை வெளியிட்டது. உள்நாட்டு வணிகத்துக்கு உரிமத் தொல்லையைக் குறைப்பது அதன் முக்கிய நோக்கம். அது சட்டமாகவில்லை. நூற்றாண்டுக்கு உட்பட்ட போர்க்களப் பொருள்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்ற பேச்சு அவையின் கவனத்தைப் பெரிதாக ஈர்த்ததில்லை. வடகிழக்கின் எட்டு மாநிலங்களுக்கும் மக்களவையில் மொத்தம் 25 இடங்கள். நாகாலாந்துக்கு ஒன்று, மணிப்பூருக்கு இரண்டு. இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறதே என்று ஒரு வாதம் உண்டு. மண்ணுக்குள் மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல். பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அந்தப் பழைய சட்டம். பொற்காசுக் குடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. எறியப்பட்ட துருத் தொப்பிக்காக எந்தக் கிராமத்தானும் ஆட்சியர் அலுவலகப் படி ஏறப் போவதில்லை. நாகாலாந்தில் இன்னொரு தடையும் எழும். அரசியல் சாசனத்தின் 371ஏ பிரிவின்படி, நிலம் மற்றும் அதன் வளங்களின் உரிமை, கைமாற்றம் குறித்த நாடாளுமன்றச் சட்டம் எதுவும் மாநிலப் பேரவை தீர்மானம் நிறைவேற்றாமல் அங்கே செல்லாது. மண்ணுக்குள் கிடக்கும் போர்ப் பொருளும் அந்த நிலத்தைச் சேர்ந்ததே என்று கிராம சபை வாதிட்டால் மறுப்பது எளிதல்ல. தங்கள் மலைக்கு யாரோ கொண்டு வந்த போரின் மிச்சத்தை தில்லி உரிமை கொண்டாட வருவதை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் யோசிக்க வேண்டியது. சட்டம் எதுவானாலும் அது கிராமத்தின் பெயரில், கிராமத்தின் கையில் பொருளை விட்டு வைத்து, கிடைத்த இடத்தை மட்டும் பதிவு செய்வதாக இருந்தால்தான் அங்கே நடக்கும்.

மற்ற நாடுகள் இதைத் தொப்பியாகப் பார்ப்பதில்லை. வெளிநாடுகளில் மடிந்த 24 லட்சம் ஜப்பானியரில் சுமார் 11 லட்சத்து 20 ஆயிரம் பேரின் எச்சங்கள் நாடு திரும்பவில்லை. அவற்றை மீட்பது அரசின் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டு ஜப்பான் சட்டமே இயற்றியது. அதே 2016 ஏப்ரலில், அருணாசலப் பிரதேச மலையில் நொறுங்கிக் கிடந்த அமெரிக்க விமானத்தின் தளத்திலிருந்து எடுத்த எச்சங்கள் தில்லியில் ராணுவ மரியாதையுடன் விமானத்தில் ஏற்றப்பட்டன. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஷ்டன் கார்ட்டர் அதில் பங்கேற்றார். எந்த விமானம், எந்த மலை என்று தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது. உதிரிப் பாகங்களை முன்கூட்டியே யாரேனும் பொறுக்கி விற்றிருந்தால் அந்தக் குடும்பங்களுக்கு வெறுங்கை.

மணிப்பூரில் ஜப்பானியரின் உதவியுடன் 2019 ஜூனில் இம்பால் அமைதி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கோஹிமா அருகே கிசாமாவில் போர் அருங்காட்சியகம் உண்டு; மொய்ராங்கில் இந்திய தேசிய ராணுவத்தின் நினைவகம். ஆர்வலர்கள் தாமே தோண்டிச் சேர்த்த சிறு தொகுப்புகளும் சில இடங்களில் உள்ளன. 2023 மே மாதம் தொடங்கிய இன மோதல், மணிப்பூரில் ஒரு சமூகத்தினர் மறு சமூகத்தின் மலைக்கோ சமவெளிக்கோ போக முடியாத நிலையை உருவாக்கியது. போர்க்களங்களைத் தேடிப் பதிவு செய்யும் வேலைக்கு அதைவிடப் பெரிய தடை வேண்டியதில்லை.

இங்கே தலைநகரில், இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் விசாரிக்கப்பட்ட அதே செங்கோட்டைக்குள், 2019 ஜனவரி 23ஆம் தேதி திறக்கப்பட்ட நேதாஜி அருங்காட்சியகத்தில் அவர் அமர்ந்த மர நாற்காலியும் வாளும் வீரர்களின் பதக்கங்களும் சீருடைகளும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அவை யாருடையவை, எங்கிருந்து வந்தவை என்பதற்கு ஆவணம் உண்டு. மணிப்பூர் சரிவு ஒன்றிலிருந்து நாளை வெளிவரும் தட்டுத் தொப்பியில் 1942 என்ற பொறிப்பு இருந்தால், அது 2042ஆம் ஆண்டுதான் தொல்பொருள் ஆகும்.